கறுப்புக் குப்பைத்தொட்டியில் ஓர் ஆப்பிள் கொப்பு

மார்லீஸ்: எகோன்! அந்தப் பேப்பரைக் கீழ வை. என் மரத்துல கை வெச்சது யாரு?

எகோன்: ஏன் கத்துற? ஞாயித்துக்கிழமை மத்தியானம்...

மார்லீஸ்: கத்துவேன். பால்கனிக்கு வா. வந்து உன் கண்ணால பாரு.

எகோன்: குளிருது. அங்க நின்னே சொல்லு.

மார்லீஸ்: கொப்பு எங்கய்யா?

எகோன்: எந்தக் கொப்பு?

மார்லீஸ்: எந்தக் கொப்பா? ஆயிரம் ஏக்கர் தோப்பு வெச்சிருக்கோம் பாரு, எந்தக் கொப்புன்னு கேக்க! இருக்கறது ரெண்டு பூந்தொட்டி. ரெண்டு ஆப்பிள் மரம். குச்சி நட்ட மாதிரி நேரா நிக்கிற ரகம். அதுல ஒண்ணே ஒண்ணுலதான் பக்கத்துல ஒரு கொப்பு. நான் ஒட்டுக் கட்டி வளர்த்த கொப்பு.

எகோன்: ஓ... அது.

மார்லீஸ்: அதுதான். எங்க?

எகோன்: வெட்டிட்டேன்.

மார்லீஸ்: என்ன?

எகோன்: வெட்டிட்டேன்னு சொன்னேன். காலையில, நீ சர்ச்சுக்குப் போயிருந்தப்ப. பனி இல்ல, நல்லா வெயில் அடிச்சுது...

மார்லீஸ்: நான் அங்க உக்காந்து ஊருக்கெல்லாம் நல்லது வேண்டிக்கிட்டிருக்கேன், நீ இங்க கத்தரியைத் தூக்கிட்டு அலைஞ்சியா?

எகோன்: பிப்ரவரி கடைசி. வெட்டுற காலம். நேத்து வகுப்புல சொல்லித் தந்தாங்க. படிச்சதைச் செய்ய வேணாமா?

மார்லீஸ்: படிச்சாராம் படிச்சாரு! அறுபத்தெட்டு வயசுல கத்தரி பிடிக்கப் பள்ளிக்கூடம் போனாரு. ஒரு சனிக்கிழமை. நாலு மணி நேரம். இந்த ஊருல ரெண்டு பேர் சேர்ந்தா உடனே ஒரு வகுப்பு நடத்திடுவாங்க, நீயும் பென்சிலைச் சீவிக்கிட்டுப் போயிடுவ.

எகோன்: நீதான போகச் சொன்ன? வீட்டுல சும்மா உக்காந்து உயிரை எடுக்காத, எங்கயாவது போய்த் தொலைன்னு.

மார்லீஸ்: தொலைன்னுதான் சொன்னேன். திரும்பி வந்து என் மரத்தை மொட்டையடின்னு சொல்லல!

எகோன்: மரத்தை ஒண்ணும் பண்ணல. மரம் அப்படியே இருக்கு. இந்த ரகத்துக்குப் பக்கக் கொப்பே ஆகாது. வாத்தியார் சொன்னாரு.

மார்லீஸ்: எந்த வாத்தியார்?

எகோன்: வகுப்பு எடுத்தவரு.

மார்லீஸ்: அந்த ஆள் கையில கட்டை முளைக்க! அவன் என் பால்கனியைப் பார்த்தானா? என் மரத்தைப் பார்த்தானா? எங்கயோ தோப்புல நிக்கிற ராட்சச மரத்துக்குச் சொன்னதைக் கொண்டு வந்து என் பூந்தொட்டியில காட்டியிருக்க. ஏழு மொட்டு, எகோன். ஏழு!

எகோன்: எண்ணி வெச்சிருக்கியா?

மார்லீஸ்: தினம் எண்ணுவேன். இலை மொட்டு ஒல்லியா இருக்கும், பூ மொட்டு குண்டா இருக்கும். உன் வாத்தியார் அதைச் சொல்லித் தரலையா? மூணு வருஷம் காத்திருந்தேன். முத வருஷம் ஒட்டுச்சா இல்லையான்னு தூக்கமே கிடையாது. ரெண்டாவது வருஷம் வெறும் இலை. இந்த ஏப்ரல்லதான் முதமுதல்ல பூக்கப் போகுது. எங்க பூக்க? போச்சு! பாவி...

எகோன்: மார்லீஸ், உக்காரு. மூச்சு வாங்குது உனக்கு.

மார்லீஸ்: தொடாத. உன் மேல பிராந்தி வாசனை வருது. காலையிலயே ஆரம்பிச்சிட்டியா?

எகோன்: குடிக்கல.

மார்லீஸ்: பின்ன குளிச்சியா அதுல?

எகோன்: கத்தரியைத் துடைச்சேன். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்கணும். வீட்டுல ஸ்பிரிட் தீர்ந்து போச்சு, உன் செர்ரி பிராந்திதான் இருந்துச்சு.

மார்லீஸ்: கேக்குல ஊத்த வெச்சிருந்த பிராந்தி! சரி, அது போகட்டும். வெட்டின கொப்பு எங்க? காலையில வெட்டினதுதான? இன்னும் காஞ்சிருக்காது. ஈரத்துணியில சுத்தி ஃபிரிட்ஜ்ல வெச்சா ஒரு மாசம் தாங்கும். மறுபடி ஒட்டுக் கட்டிக்கலாம். எங்க போட்ட? பழுப்புத் தொட்டிதான? சாவியை எடு, நான் கீழ போறேன்.

எகோன்: போகாத.

மார்லீஸ்: வழியை விடு.

எகோன்: பழுப்புத் தொட்டியில இல்ல.

மார்லீஸ்: செடி, கொடி, காய்கறித் தோல் எல்லாம் அதுலதான போடணும்? வேற எங்க போட்ட?

கெர்லிண்டெ: கறுப்புத் தொட்டியில போட்டாரு! நான் பார்த்தேன்!

மார்லீஸ்: யாரு அது?

எகோன்: கீழ் வீட்டு கெர்லிண்டெ. வேற யாரு? பால்கனியில நின்னு நாம பேசுறதைக் கேட்டுக்கிட்டிருந்திருக்கா.

கெர்லிண்டெ: கேக்கணும்னு கேக்கல, காதுல வந்து விழுது. மணி ஒண்ணே கால். ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் அமைதி நேரம். மாடிப்படி பக்கத்துல அட்டையில எழுதி மாட்டியிருக்கே, படிக்கலையா? அதோட, உங்க மரத்துணுக்கு பூரா என் மேஜை விரிப்பு மேல!

எகோன்: மன்னிச்சுக்குங்கம்மா. உதறி விடுறேன்.

கெர்லிண்டெ: அதை விடுங்க. மரக்குச்சியைக் கொண்டு போய்க் கறுப்புத் தொட்டியில போடுறீங்களே, எகோன்! நீங்களா? போன வாரம் டீ இலைப் பையில இருந்து நூலைத் தனியா பிரிச்சுப் போடச் சொல்லி எனக்குப் பாடம் எடுத்தீங்களே! பேப்பர்ல சுத்தி வேற... திருட்டுப் பொருள் மாதிரி!

மார்லீஸ்: கெர்லிண்டெ, உள்ள போங்க. இது எங்க வீட்டு விஷயம்.

கெர்லிண்டெ: தொட்டி எல்லாருக்கும் பொதுதானே?

மார்லீஸ்: உள்ள போங்கன்னு சொன்னேன்!

கெர்லிண்டெ: போறேன், போறேன். இந்த வாரம் படிக்கட்டு பெருக்குற முறை உங்களோடது, அதையும் ஞாபகப்படுத்திட்டுப் போறேன்.

மார்லீஸ்: ...போயிட்டாளா?

எகோன்: கதவைச் சாத்துற சத்தம் கேட்டுச்சு.

மார்லீஸ்: இப்பச் சொல்லு. முப்பத்தெட்டு வருஷமா பார்க்கறேன், ஒரு முட்டை ஓட்டைக்கூடத் தப்பான தொட்டியில போட மாட்ட. என் கொப்பை மட்டும் பேப்பர்ல சுத்திக் கறுப்புல போட்டிருக்க. நான் தேடக் கூடாதுன்னுதான?

எகோன்: அதுக்கு இல்ல.

மார்லீஸ்: பின்ன?

எகோன்: நோய் பிடிச்ச கொப்பு. பழுப்புல போட்டா உரமாகி ஊரெல்லாம் போகும், நோயும் கூடவே போகும். கறுப்புல போட்டா எரிச்சிடுவாங்க. அதான்.

மார்லீஸ்: நோயா? இப்பதான் பக்கக் கொப்பு ஆகாதுன்ன. அதுக்குள்ள நோயா? எது உண்மை? ஒரு பொய்யைச் சொன்னா அதையே பிடிச்சுக்கிட்டு நில்லுய்யா!

எகோன்: நீ ஒட்டுக் கட்டின இடத்துக்கு மேல நாலு விரல் தள்ளி, பட்டை உள்ள குழிஞ்சு, சுத்தி வட்டவட்டமா வெடிச்சிருந்துச்சு. நீ பார்த்ததே இல்லையா?

மார்லீஸ்: அது குளிர்ல வெடிச்சது.

எகோன்: குளிர் இல்ல. சொறி நோய். கொப்புல ஆரம்பிச்சு மரத்துக்கே இறங்கும். வெட்டிப் பார்த்தேன், உள்ள காப்பிக் கலர்ல கறை. இன்னும் கீழ வெட்டினேன், அங்கயும் கறை. வெள்ளையா கட்டை தெரியற வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும். போனேன். ஒட்டு போட்ட இடமும் போச்சு.

மார்லீஸ்: இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? வந்ததுல இருந்து முழுங்கி முழுங்கிப் பேசுற.

எகோன்: நீ மட்டும்?

மார்லீஸ்: நான் என்ன?

எகோன்: அந்தக் கொப்பு எங்க இருந்து வந்துச்சு?

மார்லீஸ்: ...எத்தனை தடவை சொல்றது? ஹெட்விக் சித்தி தோட்டத்துல இருந்து.

எகோன்: ஹெட்விக் சித்தி தோட்டம்.

மார்லீஸ்: ஆமா.

எகோன்: அந்தத் தோட்டத்து மேல இருபது வருஷமா கார் நிறுத்துறாங்க, மார்லீஸ். நானே நிறுத்தியிருக்கேன்.

மார்லீஸ்: ஓரத்துல ஒரு மரம் மிச்சம் இருந்துச்சு.

எகோன்: எந்த ஓரம்? டிக்கெட் மெஷின் பக்கத்துலயா?

மார்லீஸ்: எகோன், பேச்சை மாத்தாத. தப்புப் பண்ணினது நீ. கேள்வி கேக்கறதும் நீயா?

எகோன்: ஒரே ஒரு கேள்விதான். நீ பதில் சொல்லு, நானும் எல்லாம் சொல்றேன். எங்க இருந்து வந்துச்சு?

மார்லீஸ்: சொல்ல மாட்டேன்.

எகோன்: சரி. சொல்லாத.

மார்லீஸ்: டீலோ குடுத்தான்!

எகோன்: மெதுவா பேசு.

மார்லீஸ்: கேட்டுச்சா? டீலோ. உனக்கு அப்படி ஒருத்தன் இருக்கறது ஞாபகம் இருக்கா? நம்ம பையன். அவன் கையால வெட்டி, அவன் கையால நாடா சுத்தி, 'அம்மா, இதை ஒட்டுக் கட்டிக்கோ, நான் வர முடியாட்டி என்ன, இதாவது அந்த வீட்டுல இருக்கட்டும்'னு சொல்லிக் குடுத்தான். இந்த வீட்டுக்குள்ள அவன்னு சொல்லிக்க எனக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதைத்தான் கொண்டு போய்க் குப்பையில போட்டிருக்க. அழுத்தி மூடியும் வெச்சிருப்ப!

எகோன்: கத்தாத. கெர்லிண்டெ...

மார்லீஸ்: கெர்லிண்டெ கேக்கட்டும்! இந்தத் தெருவே கேக்கட்டும்! ஆறு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பெத்த பையன் ஃபேக்டரி வேலை வேணாம், மரம் வளர்க்கப் போறேன்னு சொன்னது ஒரு குத்தமா? கொலையா பண்ணினான்? 'மண்ணு தோண்டுறவன் என் வீட்டுப் படி ஏறக் கூடாது'ன்னு சொன்னியே, அந்த வாய்தான இது? வாசல்ல மணிக்குப் பக்கத்துல எழுதியிருந்த அவன் பேரை ஸ்க்ரூ டிரைவரால சுரண்டினியே, அந்தக் கைதான இது?

எகோன்: ஃபேக்டரியில நான் ஃபோர்மேன். எல்லார் கையையும் காலையும் பிடிச்சு அவனைச் சேர்த்து விட்டேன். பயிற்சி முடியற கடைசி வருஷத்துல விட்டுட்டுப் போனான். என் மூஞ்சியை எங்க கொண்டு போய் வெக்கறதாம்?

மார்லீஸ்: உன் மூஞ்சி! உன் மூஞ்சியைக் காப்பாத்தறதுக்கு என் பையனைப் பலி குடுத்தாச்சு.

எகோன்: உன் பையன், உன் பையன்... எனக்கு யாரு அவன்?

மார்லீஸ்: அதை நீதான் சொல்லணும்.

எகோன்: ...நீ போய்ப் பார்க்கறது எனக்குத் தெரியும்.

மார்லீஸ்: என்ன தெரியும்?

எகோன்: செவ்வாய்க்கிழமை. பாட்டுக்குழுன்னு சொல்லிட்டுப் போவியே.

மார்லீஸ்: யார் சொன்னா?

எகோன்: யாரும் சொல்லல. பாட்டுப் பாடப் போறவ செருப்புல களிமண் எப்படி வரும்? அதுவும் தோட்டத்துக் களிமண். வர்றப்போ நீ பாட்டுக்குக் கழட்டிப் போட்டுட்டுத் தூங்கப் போயிடுவ. காலையில எந்திரிச்சா செருப்பு சுத்தமா இருக்கும். எப்படின்னு ஒரு நாளாவது யோசிச்சியா?

மார்லீஸ்: ...நீயா?

எகோன்: பழைய பிரஷ்ல தேய்ச்சு வெப்பேன். மூணு வருஷமா.

மார்லீஸ்: மூணு வருஷமா தெரிஞ்சுக்கிட்டு சும்மா இருந்தியா?

எகோன்: வேற என்ன பண்ண? நீ எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல.

மார்லீஸ்: செருப்பைக் கழுவின. 'எப்படி இருக்கான்?'னு ஒரு வார்த்தை கேக்க நாக்கு எழும்பல. இல்ல?

எகோன்: கேட்டிருந்தா நீ போறதை நிறுத்தியிருப்ப. பயந்துக்கிட்டு.

மார்லீஸ்: இரு... இரு இரு. அப்போ அந்தக் கொப்பு அவன் குடுத்ததுன்னும் உனக்குத் தெரியும்.

எகோன்: ...ம்.

மார்லீஸ்: தெரிஞ்சே வெட்டின!

எகோன்: மார்லீஸ்...

மார்லீஸ்: தெரிஞ்சே வெட்டியிருக்கய்யா! சொறியும் இல்ல, நோயும் இல்ல. நான் சர்ச்சுக்குப் போற நேரம் பார்த்து வெட்டியிருக்க. ஆறு வருஷம் முன்னாடி வாசல்ல பேரைச் சுரண்டின. இப்ப பால்கனியில மிச்சம் இருந்ததையும் சுரண்டியாச்சு. இப்ப நிம்மதியா?

எகோன்: நோய் இருந்துச்சு. நான் பொய் சொல்லல.

மார்லீஸ்: உன் கூட ஒரே கூரைக்குக் கீழ இருக்கறதே பாவம். நான் கிளம்புறேன். அந்தப் பையை எடு.

எகோன்: எங்க போற?

மார்லீஸ்: அவன்கிட்ட. அவன் வீட்டுல ஒரு கட்டில் போட இடம் இருக்கும். இனிமே உன் செருப்பை மட்டும் நீ கழுவிக்க.

எகோன்: வாத்தியார் சொல்லித்தான் வெட்டினேன். நம்பு.

மார்லீஸ்: மறுபடி வாத்தியார்! அவன் தலையில எல்லாத்தையும் போட்டுட்டு நீ தப்பிச்சுக்கலாம்னு பார்க்கற. மரத்தையே பார்க்காம எந்த வாத்தியாராவது 'போய் வெட்டு'ன்னு சொல்லுவானா?

எகோன்: நான் எடுத்துச் சொன்னேன். பட்டை எப்படி இருக்கு, எத்தனை விரல் தள்ளி இருக்குன்னு. ஒட்டுக்கு என்ன வயசுன்னு கேட்டாரு. மூணுன்னேன். என்ன நாடா கட்டியிருக்குன்னு கேட்டாரு. பச்சைன்னேன்.

மார்லீஸ்: அப்புறம்?

எகோன்: அப்புறம் கையில இருந்த பென்சிலைக் கீழ வெச்சாரு.

மார்லீஸ்: பெரிய டாக்டர்! நம்பர் குடு. இப்பவே போன் போடுறேன். ஞாயித்துக்கிழமைன்னாலும் பரவால்ல, அமைதி நேரமா இருந்தாலும் பரவால்ல. ஒரு அம்மா மூணு வருஷம் வளர்த்த கொப்பை வெட்டுன்னு எந்த தைரியத்துல சொன்னன்னு நானே கேக்கறேன். குடுய்யா நம்பரை!

எகோன்: நம்பர் உங்கிட்டயே இருக்கு.

மார்லீஸ்: எங்கிட்ட எப்படி... எகோன்?

எகோன்: வகுப்பு நோட்டீஸ்ல அவன் பேரைப் பார்த்துத்தான் போனேன். கடைசி வரிசையில நின்னேன். இருபது பேரு. ஒவ்வொருத்தரா பேரு கேட்டு எழுதிக்கிட்டு வந்தான். எங்கிட்டயும் வந்து கேட்டான். சொன்னேன். மத்தவங்க பேரை எப்படி எழுதினானோ அப்படியே எழுதிக்கிட்டான். கத்தரியை நான் பிடிச்ச விதம் தப்புன்னு, என் விரலைப் பிடிச்சு மாத்தி வெச்சான். வாங்க, போங்கன்னுதான் பேசினான். நாலு மணி நேரமும் மரத்தைப் பத்தித்தான் பேச்சு, வேற ஒண்ணும் இல்ல. கடைசியில நம்ம மரத்தைப் பத்திக் கேட்டேன். அது தன்னோட கொப்புன்னு அவனுக்குப் புரிஞ்சு போச்சு, மார்லீஸ், முகம் சொல்லுச்சு. ஆனாலும், 'வெட்டிடுங்க, இல்லாட்டி மரமே போயிடும்'னான். ஆறு வருஷத்துல என் பையன் எங்கிட்டச் செய்யச் சொன்னது அது ஒண்ணுதான். எப்படிடி வெட்டாம இருப்பேன்?